தண்டவாளத்தை விட்டு இறங்கிய கரண்டு

[ஒலிப்பதிவைச் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம். பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.]

சிம்மக்கல்லிலிருந்து பேசுறேன்.

இன்னைக்கு ஒரு சத்தத்தோட ஆரம்பிக்கிறேன். ஹெட்ஃபோன் போட்டிருக்கிறவங்க வால்யூமைக் கொஞ்சம் குறைச்சு வச்சுக்கங்க.

[ஒலி: தாழ்ந்த சுருதியில் தொடர்ச்சியான ரீங்காரம், பத்து விநாடி]

கேட்டுச்சா? வண்டு உள்ள மாட்டிக்கிட்ட மாதிரி ஒரு "ம்ம்ம்". இது 2019-ல எங்க பெரியப்பாவைப் பேட்டி எடுத்தப்ப, அவர் பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பதிவான சத்தம். அப்ப நான் புதுசா மைக், மிக்ஸர் எல்லாம் வாங்கியிருந்தேன். இங்க சிம்மக்கல்ல, மாவட்ட மைய நூலகத்துக்குப் பக்கத்து சந்துல, பழைய வீட்டு மாடி அறை. கீழே தையல் கடை. பெரியப்பாவை உக்கார வச்சு ஒன்றரை மணி நேரம் பதிவு பண்ணேன். முழுக்க இந்த ரீங்காரம். 2021-ல அவர் இறந்துட்டாரு. இனிமே திரும்ப எடுக்க முடியாத பேட்டி அது.

கம்ப்யூட்டர்ல சுத்தம் பண்ணலாமேன்னு உக்காந்தேன். நம்ம நாட்டு வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமா போய் வருது. அதனால இந்த ரீங்காரம் 50-லயும் அதோட மடங்குகள்லயும் வரும்: 100, 150, 200. சரி, அந்த இடங்களை மட்டும் வெட்டி எடுத்துடலாம்னு பார்த்தா, பெரியப்பாவோட குரலும் அங்கதான் இருக்கு. ஆம்பளைங்க குரலோட அடிச் சுருதி பெரும்பாலும் 100-ஐ ஒட்டித்தான். ரீங்காரத்தை வெட்டினா அவரோட குரல்ல இருந்த கனமும் கூடவே போயிடுது. தகர டப்பாவுக்குள்ள இருந்து யாரோ பேசுற மாதிரி ஆயிடுச்சு. நான் அதைச் சேமிக்காமலே மூடிட்டேன்.

அந்தப் பேட்டியில அவர் சொன்ன ஒரு விஷயத்துலேர்ந்துதான் இன்னைக்குக் கதை ஆரம்பிக்குது. அவர் 1961-ல ரயில்வேயில சேர்ந்தவர். முதல் வேலை தாம்பரம் மின்சார ரயில் பணிமனையில. அந்தக் காலத்து வண்டி எப்படி ஓடுச்சுன்னு கேட்டேன்.

[பெரியப்பாவின் குரல், ஒலிப்பதிவிலிருந்து]

"டேய், கரண்டு என்ன தண்ணியா, ஊத்திட்டு விட்டுர்றதுக்கு? போன கரண்டு திரும்பி வந்து சேரணும். மேல கம்பியில போகுது, வண்டி மோட்டாரைச் சுத்துது, சக்கரம் வழியா தண்டவாளத்துல இறங்குது. அந்தத் தண்டவாளத்தைப் பிடிச்சுத்தான் சப்-ஸ்டேஷனுக்கு வந்து சேரணும். ஆனா தண்டவாளம் என்ன கண்ணாடி மேலயா கெடக்கு? மண்ணு மேல கெடக்கு. மழை பெஞ்சா சொதசொதன்னு கெடக்கு. ஒரு பங்கு கரண்டு அங்கிட்டு இங்கிட்டு இறங்கிப் போயிரும். பக்கத்துல தண்ணிக் குழாய் போகுதுன்னு வையி, அதுல ஏறிக்கிரும். ஏறுற எடத்துல ஒண்ணும் ஆகாது. எங்க இறங்குதோ, அந்த எடத்துல குழாயை அரிச்சுப்புடும்."

அவர் சொல்ற ரயில், சென்னை கடற்கரை – தாம்பரம் தடம். மீட்டர் கேஜ். 1931-ல அந்தத் தடம் மின்மயமானப்ப போட்டது 1500 வோல்ட் நேர் மின்சாரம். நேர் மின்சாரம்னா டி.சி., ஒரே திசையில ஓடுறது. 1960-களோட கடைசியில அதை எடுத்துட்டு 25,000 வோல்ட் மாறு மின்சாரத்துக்கு மாத்தினாங்க. பெரியப்பா அந்த மாற்றத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் வேலை பார்த்தவர்.

1500 வோல்ட் டி.சி. — இந்த எண்ணை ஞாபகத்துல வச்சுக்கங்க. இதே எண் பல வருஷம் கழிச்சு, பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, உலகத்துலேயே பெரிய துகள் முடுக்கியில வேலை பார்த்தவங்களைத் தூங்க விடாம அடிச்சுது. அங்க போறதுக்கு முன்னாடி பம்பாயில ஒரு நிறுத்தம் நிக்கணும்.

டிராம் வருதுன்னு இடம் மாறிய ஆய்வகம்

பம்பாய் கொலாபாவுல 1826-லேயே ஒரு ஆய்வகம் வந்துடுச்சு. 1840-களிலிருந்து அங்க பூமியோட காந்தப்புலத்தை அளந்துக்கிட்டே இருந்தாங்க. திசைகாட்டி முள்ளை வடக்கு பாத்து நிறுத்துதே, அதே புலம்தான். அது நிலையா இருக்கிறதில்ல. நாள் பூரா கொஞ்சம் ஏறும், இறங்கும். சூரியன்ல புயல் வந்தா துள்ளும். அந்தச் சின்னச் சின்ன அசைவைத்தான் பல பத்து வருஷமா இடைவிடாம பதிவு பண்ணிட்டு வந்தாங்க.

இருபதாம் நூற்றாண்டு பிறக்குறப்போ, பம்பாயில குதிரை இழுத்த டிராம் வண்டிகளை மின்சாரத்துக்கு மாத்தப் போறாங்கன்னு தெரிஞ்சுது. ஆய்வகத்தோட இயக்குநர் நானாபாய் அர்தேஷிர் ஃப்ராம்ஜி மூஸ். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். அவருக்கு விஷயம் உடனே புரிஞ்சுது. டிராம் ஓடினா தண்டவாளத்துல கரண்டு போகும். அதுல ஒரு பங்கு மண்ணுல இறங்கும். கரண்டு போற இடத்துல எல்லாம் காந்தப்புலம் இருக்கும். முள்ளு ஆடுறது சூரியனாலயா, டிராமாலயான்னு அப்புறம் யாருக்கும் தெரியாது.

மூஸ் டிராமை நிறுத்தச் சொல்லல. பம்பாயிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தெற்கே, கடலோரமா அலிபாக்னு ஒரு ஊரைப் பிடிச்சாரு. அங்க காந்தத்தைப் பாதிக்காத போர்பந்தர் கல்லுல கட்டடம். இரும்பு ஆணி கூடக் கூடாதுன்னு பித்தளை, செம்பு சாமான்களா போட்டாங்க. 1904-ல அங்க அளவு எடுக்க ஆரம்பிச்சாங்க.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இனிமேதான். கொலாபாவை உடனே மூடல. 1904-லிருந்து 1906 வரைக்கும் ரெண்டு இடத்துலயும் ஒரே நேரத்துல அளந்தாங்க. இந்த ஊர் அளவுக்கும் அந்த ஊர் அளவுக்கும் என்ன வித்தியாசம்னு தெரிஞ்சாத்தானே பழைய பதிவையும் புதுப் பதிவையும் ஒரே சங்கிலியா கோக்க முடியும்? அந்த ரெண்டு வருஷ வேலையாலதான் கொலாபா – அலிபாக் பதிவு இன்னைக்கும் உலகத்தோட நீளமான காந்தப் பதிவுகள்ல ஒண்ணா இருக்கு. 1907-ல பம்பாயில மின்சார டிராம் ஓட ஆரம்பிச்சுது. அதுக்குள்ள மூஸ் தன்னோட கருவிகளைப் பத்திரமா கரை சேர்த்துட்டாரு.

இரைச்சலைச் சமாளிக்க இது ஒரு வழி: தள்ளிப் போயிடுறது. ஆனா தள்ளிப் போக முடியாதவங்க என்ன செய்வாங்க?

பூமிக்கு அடியில ஒரு வளையம்

இப்ப ஐரோப்பாவுக்குப் போவோம். சுவிட்சர்லாந்துல ஜெனீவா நகரத்தை ஒட்டி, பிரான்ஸ் எல்லையில, செர்ன்னு ஒரு ஆராய்ச்சி மையம். அங்க 1989-லேர்ந்து 2000 வரைக்கும் ஓடின முடுக்கிக்குப் பேர் லெப். சுற்றளவு 27 கிலோமீட்டர். ஏறக்குறைய சிம்மக்கல்லேர்ந்து மேலூர் போற தூரம்; அதை வளையமா வளைச்சு, சராசரியா 100 மீட்டர் ஆழத்துல சுரங்கமா வெட்டி வச்சா எப்படி இருக்கும்? அதுதான். இன்னைக்கு அதே சுரங்கத்துலதான் எல்.எச்.சி. ஓடுது.

லெப்ல நடந்தது என்னன்னா, எலக்ட்ரான் ஒரு பக்கமா, அதோட எதிர்த்துகளான பாசிட்ரான் எதிர்ப்பக்கமா, கிட்டத்தட்ட ஒளியோட வேகத்துல சுத்தி வரும். விநாடிக்கு 11,000 சுத்துக்கு மேல. நாலு இடத்துல மோத விடுவாங்க. மோதுறப்ப 'இசட்'னு ஒரு துகள் பிறக்கும். அந்த இசட் துகள் எவ்வளவு எடைன்னு துல்லியமா அளக்கிறதுதான் லெப்போட பெரிய வேலைகள்ல ஒண்ணு. நாலு மோதல் இடத்துல ஒண்ணான எல்-3 சோதனையில, மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்களும் இருந்தாங்க.

எடையை எப்படி அளப்பீங்க? மோதுற கற்றையோட ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்திப் பாக்கணும். எந்த ஆற்றல்ல இசட் அதிகமா பிறக்குதோ, அதுதான் அதோட எடையைச் சொல்லும். அப்ப எல்லாமே ஒரே ஒரு கேள்வியில வந்து நிக்குது: மோதுன நேரத்துல கற்றைக்கு எவ்வளவு ஆற்றல் இருந்துச்சு? அது தப்பா இருந்தா எடை தப்பு. தராசுக்கல்லே தப்பா இருக்கிறப்ப, எத்தனை கவனமா நிறுத்தும் என்ன பிரயோஜனம்?

கற்றையை வளைச்சு வளையத்துல வச்சிருக்கிறது காந்தங்கள். மூவாயிரத்துக்கும் மேல வளைவுக் காந்தம். அதோட புலம்தான் ஆற்றலை நிர்ணயிக்குது. புலம் லட்சத்துல ஒரு பங்கு மாறினா ஆற்றலும் கிட்டத்தட்ட அதே பங்கு மாறும். ஆக, காந்தத்துக்குப் போற கரண்டு பாறை மாதிரி அசையாம இருக்கணும். இருக்குமா?

எந்த முடுக்கியா இருந்தாலும் முதல் தொல்லை இதுதான். காந்தத்துக்குக் கரண்டு தர்ற மின்வழங்கியில சின்னச் சின்ன அலை இருக்கும். அதுல 50-ம் 50-ஓட மடங்கும் இருக்கும். என் மாடி அறையில கேட்ட அதே குடும்பம்தான். எல்.எச்.சி. கற்றையோட அசைவை உத்துப் பாத்தா, அங்கயும் 50-ஓட மடங்குகள் வரிசையா தெரியுது. இது எப்ப ஆபத்தாகுதுன்னா, ஊஞ்சலை நினைச்சுக்கங்க. கண்டபடி தட்டினா ஊஞ்சல் ஒண்ணும் பெருசா ஆடாது. அது வந்து வந்து போற நேரத்துக்குச் சரியா, லேசா ஒரு தட்டு தட்டிக்கிட்டே இருந்தா, கொஞ்ச நேரத்துல விட்டத்தைத் தொடும். கற்றையும் வளையத்துல போறப்ப பக்கவாட்டுல ஊஞ்சல் மாதிரி ஆடிக்கிட்டேதான் போகும். மின் இரைச்சலோட தாளம் அந்த ஆட்டத்தோட தாளத்துல விழுந்தா, கற்றை அகலமாகும், சுவர்ல உரசும், கரைஞ்சு போகும்.

நம்ம நாட்டுல இந்தூர்ல இண்டஸ்-2 இருக்கு. 172 மீட்டர் சுற்றளவு, 2.5 கிகா எலக்ட்ரான் வோல்ட். அங்க கற்றையோட வேலை மோதுறது இல்ல, ஒளி தர்றது. அந்த ஒளியை வச்சு மருந்து, உலோகம், புரதம்னு ஆராயுறாங்க. கற்றை ஆடினா ஒளியும் ஆடும். அதனால ஒளி தர்ற எல்லா வளையத்துலயும் கற்றையோட இடத்தை அளந்து, காந்தத்தைத் திருத்தி, திரும்ப அளந்துக்கிட்டே இருப்பாங்க.

இதெல்லாம் தெரிஞ்ச எதிரி. உள்ள இருந்து வர்ற இரைச்சல். லெப்ல வந்த தொல்லை வெளியிலிருந்து வந்துச்சு.

முதல்ல நிலா

லெப்ல கற்றையோட ஆற்றலை மிகத் துல்லியமா அளக்க ஒரு முறை இருந்துச்சு. ஒரு மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் குறைவான பிழையோட அளக்கலாம். மொத்த ஆற்றல் 45,600 மெகா; அதுல ஒண்ணுக்கும் கம்மியான பிழை. ஆனா ஒரு சிக்கல்: மோதல் நடக்கிறப்ப அதைச் செய்ய முடியாது. பெரும்பாலும் ஒரு ஓட்டத்தோட கடைசியில, மோதல் எல்லாம் முடிஞ்சப்புறம் அளந்தாங்க.

அளந்தா, ஒரு நாளைக்கு ஒண்ணு காட்டுது, இன்னொரு நாளைக்கு வேற காட்டுது. காந்தத்துல எதையும் மாத்தல. காரணம் நிலாவா இருக்கும்னு சந்தேகப்பட்டாங்க. நிலா கடலை இழுக்கிற மாதிரி தரையையும் இழுக்குது. ஜெனீவா பக்கத்துத் தரை பல சென்டிமீட்டர் மேல வந்து இறங்குது. அதுல 27 கிலோமீட்டர் வளையத்தோட சுற்றளவு சுமார் ஒரு மில்லிமீட்டர் மாறும். அவ்வளவுதான். ஆனா அந்த ஒரு மில்லிமீட்டர், கற்றை காந்தங்களோட நடுவை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போகப் போதும்; ஆற்றல் சுமார் 10 மெகா மாறிடும். 1992 நவம்பர்ல, பௌர்ணமியை ஒட்டி, மணிக்கணக்கா அளந்து பார்த்தாங்க. நிலாவோட கணக்கும் கற்றையோட கணக்கும் ஒண்ணாப் போச்சு. பக்கத்துல இருக்கிற ஜெனீவா ஏரியில தண்ணி ஏறி இறங்குறது கூட, அதோட பாரத்தால வளையத்தை மாத்துதுன்னு பின்னாடி தெரிஞ்சுது.

நிலாவைக் கணக்குல சேர்த்தாச்சு, இனி நிம்மதின்னு நினைச்சிருப்பாங்க.

அப்புறம் ரயில்

1995-ல லெப்ல இசட் துகளை இன்னும் துல்லியமா அளக்க ஒரு பெரிய ஓட்டம் நடந்துச்சு. அதுக்காக சுரங்கத்துக்குள்ளயே ரெண்டு காந்தத்துல புலத்தை நேரா அளக்கிற என்.எம்.ஆர். கருவிகளை வச்சாங்க. கருவி வச்ச உடனே பூதம் கிளம்புச்சு.

ஓட்டம் நடக்க நடக்க, மணிக்கணக்குல புலம் மெதுவா ஏறிக்கிட்டே போகுது. கரண்டை யாரும் கூட்டல. ஏறுறதோட சேர்ந்து துள்ளலும் இருக்கு: மேல, கீழ, மேல, கீழ. இதுல ரொம்ப விசித்திரம் எதுன்னா, நள்ளிரவு தாண்டினா துள்ளல் அடங்கிடுது. விடியக்காலை அஞ்சு மணி வரைக்கும் அமைதி. அப்புறம் திரும்ப ஆரம்பிக்குது.

நிலாவுக்கு இப்படி ஒரு வேலைநேரம் கிடையாது. மனுஷங்களுக்குத்தான் உண்டு. நள்ளிரவுக்குத் தூங்கி அஞ்சு மணிக்கு எழுந்திரிக்கிறது யாரு?

பீம் குழாயில, அதாவது கற்றை போற அந்த வெற்றிடக் குழாயில, எங்கிருந்தோ ஒரு கரண்டு ஓடுறதைப் பிடிச்சாங்க. சுமார் ஒரு ஆம்பியர். அது யாரும் அனுப்பாத கரண்டு. 1995 நவம்பர்ல ஒரு நாள் மூணு விஷயத்தை ஒரே நேரத்துல பதிவு பண்ணாங்க: ஜெனீவா பக்கத்துத் தண்டவாளத்துல இருக்கிற மின்னழுத்தம், பீம் குழாய்ல ஓடுற கரண்டு, காந்தத்துக்குள்ள புலம். சாயங்காலம் ஜெனீவாவிலிருந்து பாரிஸ் போற டி.ஜி.வி. அதிவேக ரயில் கிளம்புது. தண்டவாளத்துல ஒரு துள்ளல். அதே நொடியில குழாயில ஒரு துள்ளல். அதே நொடியில காந்தத்துல ஒரு துள்ளல். மூணு கோடும் ஒண்ணுக்கு மேல ஒண்ணு பொருந்துது. அந்த வரைபடத்தை இன்னைக்கும் முடுக்கி படிக்கிற பசங்களுக்குக் காட்டுறாங்க.

அந்தத் தடத்துல பிரெஞ்சு ரயிலுக்குக் கொடுத்த மின்சாரம் என்ன தெரியுமா? 1500 வோல்ட் டி.சி. எங்க பெரியப்பாவோட தாம்பரம் வண்டி மாதிரியே.

அவர் சொன்ன கதை அப்படியே நடந்திருக்கு. சக்கரம் வழியா இறங்கின கரண்டுல ஒரு பங்கு தண்டவாளத்தை விட்டு மண்ணுல இறங்குது. வெர்சுவா ஆத்துப் பக்கத்துல லெப்போட உலோகத்தைக் கண்டுபிடிச்சு ஏறிக்குது. 27 கிலோமீட்டர் நல்ல கடத்தி, ஈர மண்ணை விட ஆயிரம் மடங்கு சுகமான பாதை. வளையத்தைப் பிடிச்சு வந்து, ரயில்வே பக்கமா மறுபடி இறங்கிப் போயிடுது. பிரெஞ்சுக்காரங்க இந்த மாதிரி கரண்டுக்கு 'நாடோடி மின்னோட்டம்'னு ரொம்ப நாளாவே பேர் வச்சிருக்காங்க. ரயில்வேயிலயும் மின்வாரியத்துலயும் வேலை பார்க்கிறவங்களுக்கு இது புதுசே இல்ல. துகள் இயற்பியல்காரங்களுக்குத்தான் புதுசு.

சரி, துள்ளல் புரியுது. ஆனா புலம் ஏன் ஏறிக்கிட்டே போகணும்? ரயில் வந்துட்டுப் போனா பழைய நிலைக்குத் திரும்பணும்தானே?

அரிசி அளக்கிற படியை நினைச்சுக்கங்க. படியை நிரப்பி லேசா தட்டுங்க. அரிசி கொஞ்சம் அமரும். திரும்பத் தட்டுங்க, இன்னும் கொஞ்சம் அமரும். நீங்க இடமும் வலமுமா சமமாத்தான் தட்டுறீங்க. ஆனா அரிசி ஒரு பக்கமாத்தான் போகும், கீழ. காந்தத்துக்குள்ள இருக்கிற இரும்பும் அப்படித்தான். அதுக்குள்ள கோடிக்கணக்கான குட்டிப் பகுதிகள், முழுசா அமராம, பாதி வழியில மாட்டிக்கிட்டு நிக்கும். ரயில் ஒவ்வொண்ணும் ஒரு தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமா ஒழுங்காகும்; புலம் ஏறும். நாள் பூரா ரயில் போனா, ஒரு ஓட்டத்துல சில மெகா எலக்ட்ரான் வோல்ட் அளவுக்குக் கற்றையோட ஆற்றல் நகர்ந்துடும்.

இப்பத்தான் வயித்துல புளி கரைச்சிருக்கும். ஏன்னா இந்தக் கருவி வச்சது 1995-ல. முந்தின வருஷங்கள்ல ஆற்றலை அளந்தது ஓட்டத்தோட கடைசியில, அதாவது படியை நாள் பூரா தட்டி முடிச்சப்புறம். மோதல் நடந்த நேரத்துல ஆற்றல் அதை விடக் குறைவா இருந்திருக்கும். அப்ப 1993-ல எடுத்த பெரிய அளவு? அதுலயும் ரயில் இருக்கு, யாரும் பாக்காமலே.

ரயிலை நிறுத்த முடியாது

மூஸ் மாதிரி இடம் மாறலாமா? 27 கிலோமீட்டர் சுரங்கத்தைச் சுருட்டிக்கிட்டு எங்க போறது? ரயிலை நிறுத்தச் சொல்லலாமா? பாரிஸ் போறவங்க சிரிப்பாங்க. வெட்டி எடுக்கலாமா? அதுவும் ஆகாது, ரயில் தொட்ட நேரத்துல பிறந்த இசட் துகளும் இசட் துகள்தானே.

அவங்க செஞ்சது, ரயிலைக் கணக்குக்குள்ள கொண்டு வந்தாங்க. எந்த நேரத்துல எவ்வளவு ஏறும், வெப்பநிலை எவ்வளவு மாத்தும், நிலா எவ்வளவு, ஏரி எவ்வளவுன்னு ஒரு மாதிரியை உருவாக்கி, அதை வச்சு பழைய ஓட்டங்களைத் திரும்பக் கணக்குப் போட்டாங்க. 1995-ல கத்துக்கிட்டதை வச்சு 1993-ஐத் திருத்தினாங்க.

நாலு சோதனையும் சேர்ந்து பார்த்தது சுமார் 1 கோடியே 70 லட்சம் இசட் துகள். கடைசியில வந்த விடை: இசட் துகளோட எடை 91,187.5 மெகா எலக்ட்ரான் வோல்ட். கூடக் குறைய 2.1. லட்சத்துல ரெண்டு பங்கு பிழை. ரயிலால நகர்ந்த அளவே சில மெகா. அதைக் கணக்குல எடுக்காம இந்த 2.1-ஐ எழுதியிருந்தா, அது துல்லியமா எழுதின தப்பா இருந்திருக்கும். இசட் பத்தின லெப் அளவுகள்லேர்ந்துதான், லேசான நியூட்ரினோ வகைகள் மூணுதான், நாலாவது இல்லன்னு உறுதியாச்சு. அதுவரை யாரும் பிடிக்காத 'டாப்' குவார்க் எவ்வளவு எடை இருக்கும்னு முன்கூட்டியே சொல்ல முடிஞ்சதும் அதே அளவுகளாலதான். 1995-ல அமெரிக்காவுல அதைக் கண்டுபிடிச்சப்ப கணக்கு ஒத்துப் போச்சு.

இதுல எனக்குத் தோணுறது ஒண்ணுதான். 'இரைச்சல்'னு நாம ஒதுக்குறது பெரும்பாலும் வேற ஒருத்தரோட வேலை. பம்பாயில டிராம், ஜெனீவாவுல வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போறவங்க. அது யாரு, எத்தனை மணிக்கு வர்றாங்க, எத்தனை மணிக்கு ஓயுறாங்கன்னு தெரியாத வரைக்கும்தான் அது இரைச்சல். தெரிஞ்சுட்டா அது ஒரு எண். கழிச்சுக்கலாம்.

மாடி அறைக்குத் திரும்பி

லெப் கதையைப் படிச்சப்புறம்தான் எனக்கு உறைச்சுது: என்னோட ரீங்காரத்துக்கும் வேலைநேரம் இருக்குமான்னு. ஒரு நாள் பூரா மைக்கை ஆன்ல விட்டுப் பாத்தேன். காலையில பத்து மணிக்கு ஆரம்பிக்குது. மத்தியானம் ரெண்டு மணிக்கு நிக்குது. மூணு மணிக்குத் திரும்ப வருது. ராத்திரி ஒன்பதுக்கு ஓயுது. அது கீழே இருக்கிற தையல் கடையோட நேரம்.

தெரிஞ்ச எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தேன். மைக்கோட உலோகத்தைக் கையால தொடச் சொன்னாரு. தொட்டா ரீங்காரம் குறையுது. "எர்த் இல்ல தம்பி"ன்னாரு. இருக்குண்ணே, பாருங்க பச்சை ஒயர்னு காட்டினேன். அவர் அந்த ஒயரைப் பிடிச்சுக்கிட்டே கீழ போனாரு. பழைய வீடுகள்ல செய்யிற மாதிரி, மாடிப்படிக்குக் கீழ தண்ணிக் குழாய்ல கொண்டு போய்க் கட்டியிருக்கு. சுவத்துக்கு வெளிய தெரியிற குழாய் இரும்பு. பூச்சைக் கொஞ்சம் உடைச்சுப் பாத்தா, உள்ள போறது பிளாஸ்டிக். என்னைக்கோ தண்ணிக் குழாயை மாத்தினப்ப பாதியிலேயே மாத்தி விட்டிருக்காங்க. வீடு பூராவோட எர்த்தும் மண்ணைத் தொடாம அந்தரத்துல தொங்கிக்கிட்டிருந்திருக்கு. தையல் மோட்டார்ல கசியிற கரண்டு போக்கிடம் இல்லாம மேல ஏறி என்னோட மிக்ஸர்ல உக்காந்திருக்கு.

கொல்லையில குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, புதுசா எர்த் குழாய் இறக்கினோம். அண்ணன் ரெண்டு வாளி தண்ணி ஊத்தச் சொன்னாரு. ரீங்காரம் போச்சு. ரீங்காரத்தை விடப் பெரிய விஷயம், அந்தக் கடையில நாலு பேர் நாள் பூரா இரும்பு மெஷின்ல கை வச்சு வேலை பாக்குறாங்க. அவங்களுக்கும் இத்தனை நாளா எர்த் இல்ல.

பெரியப்பா பேட்டிக்கு வருவோம். அதுல அவர் பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, நான் மைக்கை ஆன் பண்ணிட்டு டீ எடுக்க எழுந்து போயிருக்கேன். நாற்பது விநாடி, யாரும் பேசல, வெறும் ரீங்காரம். வேண்டாத துண்டுன்னு ரெண்டு தடவை அழிக்கப் பாத்த பகுதி அது. இந்த எபிசோடோட தொடக்கத்துல உங்களுக்குப் போட்டுக் காட்டினதும் அதுலேர்ந்துதான். இப்ப அந்த நாற்பது விநாடியை மாதிரியா எடுத்து, அந்த அளவுக்கு மட்டும் மத்த இடத்துலேர்ந்து கழிச்சேன். முழுசா போகல. காது வச்சுக் கேட்டா இன்னும் லேசா இருக்கு. ஆனா குரல் முழுசா இருக்கு. மேல நீங்க படிச்ச அந்தப் பேச்சு அப்படி எடுத்ததுதான்.

அதுக்கப்புறம் எந்தப் பேட்டி எடுத்தாலும், முதல்ல அரை நிமிஷம் யாரும் பேசாம அறையை மட்டும் பதிவு பண்ணிக்கிறேன். வர்ற விருந்தாளிங்க "என்னங்க, ஆரம்பிக்கலையா?"ன்னு கேக்குறாங்க. ஆரம்பிச்சாச்சுன்னு சொல்றேன்.

அடுத்த வாரம் சந்திப்போம்.